மூன்று புள்ளி இரண்டு

காலையில் கண் விழித்ததும், பல் துலக்குவதற்கு முன்பே பெரியவருக்கு ஒரு வேலை இருந்தது. போனை எடுத்து, மாமியார் வீட்டு மூன்றாம் அறையில் தொங்கும் பெட்டி செத்துவிட்டதா என்று பார்ப்பார்.

சாகவில்லை. வெப்பம் இருபத்து மூன்று டிகிரி, ஈரப்பதம் எண்பத்தெட்டு, பேட்டரி 3.30 வோல்ட். நேற்றும் 3.30. போன மாதம் இதே நாளில் 3.31.

இந்த எண்தான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது. அவருக்குத் தெரிந்த லித்தியம் பேட்டரி முழுதாக ஏறியிருக்கும்போது 4.2 வோல்ட் காட்டும். செலவாகச் செலவாக நான்கு, மூன்றே முக்கால் என்று படிப்படியாக இறங்கி வரும். 3.3 என்றால் கடைசி மூச்சு. அப்படிப்பட்ட நோயாளி நாலரை மாதமாகக் கடைசி மூச்சிலேயே உட்கார்ந்துகொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தால், வாசலில் காத்திருப்பவருக்கு எப்படி இருக்கும்? பெரியவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பல் துலக்கப் போவார். அன்றைக்கு முழுக்க வாயில் ஒரு கசப்பு இருக்கும்.

பெரியவர் என்றால் வயதானவர் இல்லை. வயது நாற்பத்து நான்கு, தொழில் லிஃப்ட் மெக்கானிக். அந்த வீட்டின் மூத்த மகளைக் கட்டியதால் பெரியவர். இளையவளைக் கட்டியவர் சின்னவர். மாப்பிள்ளை என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று மாமியார் செய்துகொண்ட ஏற்பாடு அது.

பதினோரு வருஷம் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான் மாப்பிள்ளை. குழாய் ஒழுகினாலும், கதவு தரையில் உரசினாலும், டிவி பேசாமல் படம் மட்டும் காட்டினாலும் மாமியார் வாயில் வருவது ஒரே வாக்கியம்: "பெரியவரைக் கூப்பிடு." அந்த வாக்கியத்துக்காக அவர் வேலை முடிந்து கிரீஸ் படிந்த கையோடு நேராக அங்கே போன நாட்கள் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் சின்னவர் வந்தார். வந்த ஆள் ஒரு கணக்காளராகவோ கடைக்காரராகவோ இருந்திருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. காது கேட்கும் கருவிகளைச் சரிசெய்யும் டெக்னீஷியனாக வந்து தொலைத்தார்.

மாமியார் வீட்டின் பின்னால் வரிசையாகப் பன்னிரண்டு அறைகள் கட்டிக் காளான் வளர்க்கிறார். உள்ளே உறியில் தொங்கும் பைகளிலிருந்து காளான் பூக்கும். அதற்குக் காற்றில் ஈரம் எப்போதும் எண்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டும். குறைந்தால் ஓரம் காய்ந்து சுருண்டுவிடும். சுவரெல்லாம் வேர்த்து வழியும், தரை நசநசக்கும். ஒரு முறை அந்த ஈரத்தில் சுவிட்சைத் தொட்டு மாமியார் கையை உதறிக்கொண்டு ஓடிவந்ததிலிருந்து, அறைகளுக்குள் கரண்ட் வயரே கூடாது என்பது சட்டம். ஆகவே ஈரத்தையும் வெப்பத்தையும் அளந்து போனுக்கு அனுப்பும் பெட்டி எதுவானாலும் பேட்டரியில்தான் ஓட வேண்டும்.

முதலில் பெட்டி செய்தவர் பெரியவர். ஒரு வைஃபை போர்டு, ஒரு சென்சார், நீல உறை போட்ட விரல் தடிமன் லித்தியம் பேட்டரி, மேலே ஜம்மென்று ஒரு சிவப்பு விளக்கு. அது அணையாமல் எரியும். லிஃப்ட்காரர் கண்ணுக்கு விளக்கு எரிந்தால் உயிர்; எரியாவிட்டால் ஜனங்கள் மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு அவரைத் திட்டுகிறார்கள் என்று அர்த்தம். இரண்டாம் அறையில் அதை மாட்டிய அன்று மாமியார் அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூட்டி வந்து காட்டினார்.

ஒன்பதாம் நாள் அது அணைந்தது.

புதுப் பேட்டரி போட்டார். மறுபடி ஒன்பதாம் நாள். போர்டை உறங்கவைக்கும் கட்டளையை அவர் முதலிலேயே எழுதியிருந்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து, அளந்து, அனுப்பிவிட்டு உறங்கு என்று. அப்படியும் ஒரு நாள்கூடக் கூடவில்லை. ஒன்பது நாளுக்கு ஒரு தடவை பேட்டரியோடு போய் நிற்பார். ஒரு நாள் மாமியார் சொன்னார்: "உங்க பெட்டி நல்லாத்தான் வேலை செய்யுது பெரியவரே. என்ன, கைக்குழந்தை மாதிரி ஆளு பக்கத்துலயே இருக்கணும்."

அந்த வாரமே, பிப்ரவரி தொடக்கத்தில், சின்னவர் ஒரு பெட்டி கொண்டுவந்து மூன்றாம் அறையில் தொங்கவிட்டார். விளக்கு இல்லை, சத்தம் இல்லை. சோப்புப் பெட்டி மாதிரி ஒரு வெள்ளைப் பெட்டி. அவரும் அந்தப் பெட்டி மாதிரிதான். தணிந்த குரலில் பேசுவார், அவர் பேச ஆரம்பித்தால் வீட்டில் எல்லோரும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்கள். உரக்கப் பேசுகிறவரைச் சாய்ந்து உட்கார்ந்தே கேட்கலாமே! பெரியவருக்கு அதுவும் ஒரு வயிற்றெரிச்சல்.

அந்தப் பெட்டிக்கு இன்றுவரை யாரும் பேட்டரி மாற்றவில்லை.

ஜூன் கடைசி ஞாயிறு சாப்பாட்டுக்கு எல்லோரும் கூடும்போது பன்னிரண்டு அறைக்கும் யார் பெட்டி என்று முடிவு சொல்வதாக மாமியார் அறிவித்திருந்தார். அதற்குப் பிறகு வீட்டில் ஏதாவது பழுதானால் அவர் வாயில் முதலில் வரப்போகும் பெயர் எது என்பதும் அன்றைக்கே முடிவாகிவிடும். இதை யாரும் சொல்லவில்லை. பெரியவருக்குச் சொல்லவும் வேண்டியதில்லை.

திருட்டுத்தனமாக மாற்றுகிறான், வேறென்ன! இதுதான் அவர் கண்ட விடை. சின்னவர் வீடு மாமியார் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். போகிற வருகிற சாக்கில் பேட்டரியை மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி நிற்கிறார். மனைவியிடம் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டே, அப்படியானால் ஏன் அது 4.2 காட்டவில்லை என்று ஒரே கேள்வி கேட்டாள்.  கோபம் அவள்மேல் திரும்பியது.

ஜூன் மூன்றாம் ஞாயிறு காலை, தன் பெட்டிக்குப் பேட்டரி மாற்றும் முறை வந்தது. இரண்டு பேட்டரிகளை மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பியில் வைத்து எடுத்துக்கொண்டார். இந்த விஷயத்தில் அவர் கெட்டி: உறை கொஞ்சம் கிழிந்த லித்தியம் பேட்டரியைச் சாவிக்கொத்தோடு ஒரே பையில் போட்ட சக தொழிலாளியின் தொடையில் வந்த கொப்புளத்தை அவர் பார்த்திருக்கிறார். இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. முழுதாக ஏற்றிய தேதியை ஒவ்வொரு பேட்டரியின் மேலும் மை பேனாவால் எழுதிவிடுவார். அன்று கொண்டுபோன இரண்டிலும் 14.6 என்று இருந்தது. ஜூன் பதினான்கு.

மாமியார் முன்பக்கம் காளானை எடைபோட்டு அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். பெரியவர் இரண்டாம் அறையில் தன் வேலையை முடித்தார். பிறகு கால் தானாக மூன்றாம் அறைக்குள் நுழைந்தது.

வெள்ளைப் பெட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே பார்த்ததும் முதலில் வந்தது சிரிப்பு. ஒரு சிப், ஒரு சென்சார், குண்டாக ஒரு கெப்பாசிட்டர், பேட்டரி. அவ்வளவுதான். யுஎஸ்பி இல்லை, விளக்கு இல்லை. பேட்டரியின் வோல்டேஜைக் குறைத்து நிலையாகக் கொடுக்கும் ரெகுலேட்டர்கூட இல்லை. பேட்டரியிலிருந்து வயர் நேராகச் சிப்புக்குப் போயிருந்தது. ரெகுலேட்டர் வைக்கக்கூடத் தெரியவில்லை, இந்த ஆளையா தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு பேட்டரியைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளை உறை. அதன்மேல் பொடி எழுத்தில் 3.2 என்று எழுதியிருந்தது.

பிப்ரவரி மூன்று! சிரிப்பு நின்றுவிட்டது. அதாவது மாட்டிய நாளில் ஏற்றியது, அன்றிலிருந்து தொடவேயில்லை. தேதியையும் எழுதி வைத்திருக்கிறான், சாட்சிக்கு. அப்படியானால் திருட்டு இல்லை. விஷயம் பேட்டரிக்குள் இருக்கிறது. இதில் மட்டும் எவ்வளவு கொள்ளளவு இருந்தால் நாலரை மாதம் தாங்கும்? வீட்டுக்குக் கொண்டுபோய் முழுதாக ஏற்றி, பிறகு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று அளந்துவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பெட்டியைக் காலியாக விட முடியாது, போனில் தெரிந்துவிடும். டப்பியில் மிச்சமிருந்த தன் நீலப் பேட்டரியை அதே இடத்தில் அழுத்தினார். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. ஒரே நீளம், ஒரே தடிமன். மூடியைப் போட்டுவிட்டு, வெள்ளைப் பேட்டரியை டப்பியில் வைத்துக்கொண்டு, அத்தையிடம் டீ வாங்கிக் குடித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தார்.

சாப்பாட்டு மேஜையில் சார்ஜரை வைத்து அதில் வெள்ளைப் பேட்டரியைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து, எத்தனை மணிக்குப் பச்சை வருகிறது என்று பார்க்கப் பேனாவும் தாளும் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மனைவி தண்ணீர் வைக்க வந்தாள்.

"இது யாரோடது?"

"என்னோடதுதான்."

"உங்களோடது எல்லாம் நீலம்." அவள் பேட்டரியை ஒரு விரலால் தொட்டாள், உடனே விரலை எடுத்துக்கொண்டாள். "ஏங்க, இது சுடுது. அம்மாகிட்ட நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. ஆனா இது வெடிச்சா, நான் சொல்லாமலேயே அங்க வரைக்கும் கேக்கும்."

பெரியவர் வெடுக்கென்று பேட்டரியைப் பிடுங்கி, கொல்லைப்பக்கம் மணல் வாளியில் கொண்டுபோய் வைத்தார். தொழிலில் பட்ட பாடம்: தேவையில்லாமல் சூடாகும் பேட்டரிக்கு இடம் வீட்டுக்கு வெளியே. சற்று ஆறியதும் மீட்டரை வைத்துப் பார்த்தார். நான்கைத் தாண்டி நிற்கும் என்று எதிர்பார்த்த முள் மளமளவென்று இறங்கி மூன்றரைக்குக் கீழே வந்து நின்றது. அவர் பார்த்த எந்த நீலப் பேட்டரியும் இப்படிச் செய்ததில்லை.

வாளி ஓரத்தில் குந்தியபடியே அந்த 3.2-ஐ மறுபடி பார்த்தார். இப்போது அது தேதியாகத் தெரியவில்லை. கரண்ட் போனால் லிஃப்ட்டுக்குள் எரியும் அவசர விளக்கு இருக்கிறதே, அதன் புது ரகப் பேட்டரிகளில் நூறு தடவை அவர் பார்த்த எண் அது. 3.2 வோல்ட். லித்தியம்தான், ஆனால் வேறு சாதி. இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த வகை. அது ஏற்றும்போது 3.6-லேயே நிறுத்திவிட வேண்டும், 4.2 வரை தள்ளினால் கெட்டுப்போகும். செலவாகும்போது படிப்படியாக இறங்காது. ஏறக்குறைய தீரும்வரை 3.3, 3.2 என்று ஒரே மட்டத்தில் ஓடிவிட்டு, கடைசியில்தான் சரியும். நாலரை மாதம் அவர் கடைசி மூச்சு என்று நினைத்தது அதன் இயல்பான நாடித்துடிப்பு.

ஒன்று புரிந்ததும் மற்றவை வரிசையாகப் புரிந்தன. அந்தச் சிப்புக்குத் தேவையே 3.3-ஐ ஒட்டித்தான், 3.6-க்கு மேல் தாங்காது. பேட்டரியே அந்த அளவில் நிலையாகக் கொடுத்தால் நடுவில் ரெகுலேட்டர் எதற்கு? ரெகுலேட்டர் என்பது வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சம்பளம் வாங்கும் ஆள். அவருடைய பெட்டியில் சிப் உறங்கிக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் ரெகுலேட்டர் உறங்கவில்லை, யுஎஸ்பி சிப் உறங்கவில்லை, அந்தச் சிவப்பு விளக்கு கண் கொட்டவேயில்லை. எல்லாம் சேர்ந்து பத்து மில்லி ஆம்பியர். ஆளே ஏறாத லிஃப்ட் விளக்கையும் மின்விசிறியையும் போட்டுக்கொண்டு ராத்திரி பகல் நின்றால் கரண்ட் பில் என்ன ஆகும் என்று அவருக்கா தெரியாது? சின்னவரின் பெட்டி உறக்கத்தில் அதில் ஐந்நூறில் ஒரு பங்குகூட எடுத்திருக்காது. எழும் நேரத்தையும் ஒரே நொடியாகக் குறைத்திருப்பார். வைஃபை வாயைத் திறக்கும்போது ஒரே மடக்கில் நிறையக் குடிக்கும். அந்த மடக்குக்குப் பேட்டரி திணறாமல் இருக்கத்தான் பக்கத்துத் தொட்டி மாதிரி அந்தக் குண்டுக் கெப்பாசிட்டர். காதுக்குள் வைக்கும் கருவிக்குப் பட்டாணி அளவுப் பேட்டரிதான் கிடைக்கும். அதை வைத்தே நாள் கணக்கில் ஓட்டிப் பழகியவனுக்கு இது கைவந்த கலை.

ஐயோ, எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறான் என்று மனம் ஒரு கணம் தன்னை மறந்து சொன்னது. அடுத்த கணம் வாளி ஓரத்திலிருந்து துள்ளி எழுந்தார். 3.6-க்கு மேல் தாங்காத அந்தச் சிப்பின் வாயில், இப்போது, அவருடைய 4.2 வோல்ட் நீலப் பேட்டரி.

போனைத் திறந்தார். மூன்றாம் அறை கடைசியாகப் பேசியது பதினொன்று இருபதுக்கு. இப்போது மணி பன்னிரண்டே கால்.

செருப்பில் ஒரு காலை நுழைத்திருந்தபோது போன் அடித்தது. மாமியார். சின்னவரின் பெட்டி பேச்சை நிறுத்திவிட்டது, தட்டிப் பார்த்தும் பயனில்லை என்றார். என்ன இருந்தாலும் விளக்கு எரிவதுதான் மனசுக்குத் தைரியம், அடிக்கடி வந்து பார்த்துக்கொள்ளவும் ஆள் இருக்கிறது. "உங்களோடதையே பன்னண்டுக்கும் போட்டுடலாம்னு தோணுது. வர்ற ஞாயித்துக்கிழமை சொல்லிடறேன், சரியா?"

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "சரி அத்தை," என்றார்.

செருப்பைக் கழற்றி வைத்தார். மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் போல் ஒரு வாரம் அவர் வாழ்க்கையில் வந்ததில்லை. செவ்வாய்க்கிழமை சின்னவர் போய்ப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனதாகச் செய்தி வந்தது. மூடியைத் திறந்ததும் நீலப் பேட்டரி தெரிந்திருக்கும். 14.6 தெரிந்திருக்கும். அந்தக் கையெழுத்து அந்த வீட்டு ஃப்யூஸ் பெட்டியிலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை இருக்கிறது. இப்போது கூப்பிடுவான், இதோ கூப்பிடுவான் என்று, ஏழு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்றபடி போனையே பார்த்தார். கூப்பிட்டால் என்ன சொல்வது என்று நான்கு விதமாக ஒத்திகை பார்த்து வைத்தார். கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். அழுதால் சமாதானம் சொல்லலாம். புதன், வியாழன், வெள்ளி, போன் அடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேஜையைச் சுற்றி ஐந்து பேர்: மாமியார், இரண்டு மகள்கள், இரண்டு மாப்பிள்ளைகள். பாதிச் சாப்பாட்டில் மாமியார் பேச்சை எடுத்தார். சின்னவரின் பெட்டிக்கு என்னதான் ஆயிற்று?

சின்னவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் வழக்கமான தணிந்த குரலில் சொன்னார். "ஈரம் உள்ள போயிடுச்சு அத்தை. மூடியை நான் சரியா போடல. என் தப்புதான்." சொல்லிவிட்டுத் தண்ணீர் ஜாடியை எடுத்துப் பெரியவர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

பெரியவருக்கு விக்கியது. தண்ணீர்தான் அவருக்கு வேண்டியிருந்தது. அதையும் அவனே கண்டுபிடித்து நகர்த்துகிறான். எதிரே சின்னவரின் மனைவி, அவருடைய மைத்துனி, தட்டையே முறைத்துக்கொண்டிருந்தாள், அவளுக்கும் தெரிந்திருக்கிறது. ஆக, நல்ல போர்டு செய்ததும் அவன்தான், பெருந்தன்மையாக மன்னித்ததும் அவன்தான். இந்த ஜாடித் தண்ணீரோடு இந்தக் கடனையும் ஆயுள் முழுக்க விழுங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் எதிரே உட்கார்ந்து, சொல்லாமல், சொல்லாமல், சொல்லாமலேயே ஜெயித்துக்கொண்டிருப்பான். பன்னிரண்டு அறையும் போகட்டும். இதை மட்டும் இவனிடம் விட முடியாது.

"ஈரமும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றார் பெரியவர். குரல் மேஜைக்குத் தேவையானதைவிடப் பெரிதாக வந்தது. "நான்தான் கெடுத்தேன். அவர் பேட்டரியை எடுத்துட்டு என்னோடதைப் போட்டேன். அதோட வோல்டேஜ் தாங்காம அந்தச் சிப் வெந்துபோச்சு. அவர் பேட்டரியையும் தப்பான சார்ஜர்ல போட்டுப் பாழாக்கிட்டேன். மூடி எல்லாம் அவர் சரியாத்தான் போட்டிருந்தார்."

மாமியார் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் கேள்வி கேட்டார்.

"எதுக்கு எடுத்தீங்க?"

"எப்படி இத்தனை நாள் தாங்குதுன்னு பார்க்க."

"அவர்கிட்டயே கேட்டிருக்கலாமே."

"கேட்டா சொல்லிடுவாரே அத்தை."

முதலில் சிரித்தது பெரியவரின் மனைவிதான். வாயைப் பொத்தியும் அடக்க முடியவில்லை. பிறகு அவள் தங்கை. சின்னவர் சிரிக்காமல் சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே நீலப் பேட்டரி. "பதினாலு புள்ளி ஆறுன்னு எழுதியிருந்துச்சு அண்ணா. அத்தனை வோல்ட்டு பேட்டரி இந்த சைஸ்ல எங்க கிடைச்சுதுன்னு ஒரு நிமிஷம் அசந்துட்டேன்."

"அது தேதி சகல."

"தெரியும் அண்ணா. அப்புறம் தெரிஞ்சுது."

"உங்க 3.2-வை நான் தேதின்னு நினைச்சேன்."

இப்போது சின்னவரும் சிரித்தார். மாமியாருக்கு இதில் பாதிதான் புரிந்தது. ஆனால் அவருக்கு வேண்டிய பாதி புரிந்தது. பன்னிரண்டு அறைக்கும் சின்னவர் செய்கிற பெட்டி என்று சொன்னார். பெரியவர் தட்டில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். மாமியார் இன்னும் முடிக்கவில்லை. "பேட்டரி எல்லாம் பெரியவர் பொறுப்பு. ஏத்தறது, மாத்தறது, கணக்கு எல்லாம். மாத்திப் போட்டா என்ன ஆகும்னு இந்த வீட்டுல அவருக்குத்தான் நல்லாத் தெரியும்."

அது தண்டனையா பதவியா என்று அவருக்கு வீடு வந்து சேரும்வரை விளங்கவில்லை. ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவர் வேறு ஆள். நீலப் பேட்டரிகளை எல்லாம் அந்த வீட்டிலிருந்தே அப்புறப்படுத்தினார். 3.6-ல் நின்றுகொள்ளும் சார்ஜர் ஒன்று வாங்கினார். வெள்ளைப் பேட்டரி ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் '3.2 வோல்ட்' என்றும் மறுபக்கம் மாதத்தின் பெயரோடு தேதியும் எழுதினார். சிப்பைத் தொடாமல் பேட்டரி வழியில் ஒரு சின்ன ஃப்யூஸையும் போட்டுவைத்தார். சின்னவர் அதைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலும் பெரியவருக்குக் குத்தத்தான் செய்தது. என்னவோ பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி.

ஜூலையில் பன்னிரண்டு வெள்ளைப் பெட்டிகளும் தொங்கின. ஒரு விளக்குகூட இல்லை. மாமியார் முதல் வாரமே குறைப்பட்டார். உள்ளே போனால் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் ஈரக் கையோடு போனை எடுக்க வேண்டியிருக்கிறது. சின்னவர் பொறுமையாக விளக்கினார், எரிகிற விளக்கு எவ்வளவு தின்னும் என்று. மாமியார் கேட்டுக்கொண்டார், ஆனால் முகம் தெளியவில்லை.

அடுத்த வாரம் பெரியவர் ஒரு சாக்குப்பையோடு வந்தார். பழைய லிஃப்ட் ஒன்றைப் புதுப்பித்தபோது கழற்றி எறிந்த பொத்தான்கள், மேல்நோக்கி அம்புக்குறி போட்டவை, தட்டு மாதிரி வட்டமாக, பன்னிரண்டு. ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே ஒன்றைப் பொருத்தி, சிப்பின் ஓரத்து உலோகக் கால்களில் அதை எழுப்பும் காலோடு இணைத்தார். அமுக்கினால் பெட்டி விழித்து, அளந்து, அனுப்பி, பச்சை விளக்கை இரண்டு முறை சிமிட்டிவிட்டு மறுபடி உறங்கும். அமுக்காவிட்டால் துளி செலவில்லை. சின்ன எல்இடிதான். ஆனால் அந்த வேர்த்த இருட்டில் நன்றாகத் தெரிந்தது.

மாமியார் முதல் அறையில் அமுக்கினார். பச்சை, பச்சை. இரண்டாம் அறைக்குப் போய் அமுக்கினார். பன்னிரண்டையும் அமுக்கிவிட்டு மறுபடி முதல் அறையிலிருந்து ஆரம்பித்தார். அடுத்த நாட்களில் பக்கத்து வீட்டார் வந்தபோதும் அமுக்கிக் காட்டினார், காளான் வாங்க வந்தவர்களிடமும் காட்டினார்.

இரண்டு வாரம் கழித்து சின்னவர் ஒரு தாளோடு வந்தார். அத்தையின் பின்னாலேயே அறை அறையாக நடந்தார். ஒவ்வொரு அமுக்குக்கும் வைஃபை ஒரு தடவை எழுகிறது. ஒரு நாளைக்குப் பெட்டிக்குப் பத்து தடவை என்று வைத்தால், ஒரு வருஷத்துக்கு மேல் வர வேண்டிய பேட்டரியில் மூன்று வாரம் குறையும். கொஞ்சம் பார்த்து அமுக்கலாமே என்றார்.

"குறையட்டும்," என்றார் மாமியார். "பேட்டரிக்குத்தான் பெரியவர் இருக்காரே." சொல்லிவிட்டு அமுக்கினார்.

பெரியவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் போன பிறகு சின்னவர் மட்டும் அங்கேயே நின்றார். தாளை மடித்துப் பையில் வைத்தார். அம்புக்குறியின் மேல் கட்டைவிரலை வைத்து, அமுக்காமல், லேசாகத் தடவினார். முகம் கொஞ்சம் சுருங்கியிருந்தது. அந்தச் சுருக்கம் எங்கிருந்து வருகிறது, வாயில் என்ன ருசியோடு வருகிறது என்பது பெரியவருக்கு உள்ளங்கை ரேகை மாதிரி தெரியும்.

"இது எனக்குத் தோணவே இல்ல," என்றார் சின்னவர், அந்தத் தணிந்த குரலில்.

பெரியவருக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. கையைக் காதருகே வைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

"என்ன சொன்னீங்க சகல? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, காதுல விழல."